அடி சாப்பிடறேளா?

விஜயலட்சுமிக்குத் தமிழ் வராது என்று யாராவது சொன்னால் அது பொய். தமிழ் வரும். பவானிபூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும், அவ்வளவுதான்.

அவள் அப்பா கல்கத்தா துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து பவானிபூரில் குடித்தனம் வைத்தபோது, பக்கத்தில் இருந்தது வங்காளப் பெண்கள் பள்ளிக்கூடம். அங்கேதான் படித்தாள். அம்மா இல்லாத குழந்தை, பள்ளி விட்டால் மாஷிமா என்று அவள் கூப்பிட்ட கீழ்வீட்டு வங்காளச் சித்தி மடியில் விளையாட்டு. வீட்டில் பேசுகிற தமிழ், அப்பா ஆபீசிலிருந்து வந்து கால் அலம்பிய பிறகு கிடைக்கிற இரண்டு மணி நேரம்தான். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு குழந்தை எவ்வளவு தமிழைக் கற்றுக்கொள்ள முடியும்? அவள் கற்றுக்கொண்டது அதிகம் என்றுதான் நான் சொல்வேன். சொற்களெல்லாம் சுத்தத் தமிழ். அவற்றைக் கோக்கிற நூல்தான் வங்காள நூல்.

அந்த நூல் எங்கே தெரியும் என்றால், சாப்பாட்டில் தெரியும். வங்காளி எதையும் சாப்பிடுவான். தண்ணீரைச் சாப்பிடுவான், டீயைச் சாப்பிடுவான், சிகரெட்டைச் சாப்பிடுவான். வாத்தியாரிடம் அடியைச் சாப்பிடுவான், மேலதிகாரியிடம் திட்டைச் சாப்பிடுவான், சபலம் உள்ளவன் லஞ்சத்தைச் சாப்பிடுவான், சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய்க் காற்றைச் சாப்பிடுவான். இதைக் கேட்டுச் சிரிக்கிற தமிழன் என்ன செய்கிறான்? அடி வாங்குகிறான், திட்டு வாங்குகிறான், லஞ்சம் வாங்குகிறான், கடற்கரைக்குப் போய்க் காற்றையும் வாங்கிக்கொண்டு வருகிறான். ஒருவன் வாங்குகிறான், ஒருவன் சாப்பிடுகிறான். வலி என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இந்த நியாயமெல்லாம் கும்பகோணத்தில் எடுபடவில்லை. இருபத்தைந்து வயதில் விஜயலட்சுமி சுந்தரராஜனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் சர்வே ஆபீசில் வேலை, மாற்றலாகிக் கல்கத்தா வந்தவர். முதல் தடவை புக்ககம் போன அன்று சாயங்காலம், மாமியார் மனம் குளிரட்டும் என்று அவளாகவே வாயைத் திறந்து, "எல்லாரும் குளத்தங்கரைக்குப் போய்க் காத்து சாப்பிட்டுட்டு வரலாமா?" என்று கேட்டாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. நாத்தனார் வத்சலாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் சிரித்துச் சிரித்து விக்கலே எடுத்துவிட்டது. தொட்டுக்கொள்ள என்ன வேணும், தேங்காய்ச் சட்டினியா கொத்தமல்லிச் சட்டினியா என்று கேட்டாள்.

வத்சலா சிரித்ததைக்கூட விஜயலட்சுமி மறந்திருப்பாள். பக்கத்தில் நின்ற சுந்தரராஜனும் சிரித்தார், அதுதான் மறக்கவில்லை. அதோடு விட்டாரா? அடுத்த கல்யாணத்தில் சொன்னார், அதற்கடுத்த சீமந்தத்தில் சொன்னார். புதுசு புதுசாகச் சேர்த்துக்கொண்டும் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. சபையில் நாலு பேரைச் சிரிக்கவைக்க அவரிடம் இருந்த சரக்கு அது ஒன்றுதான். ஆனால் அந்தச் சரக்கு அவள் வாயிலிருந்து எடுத்தது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

அவள் வாயை மூடிக்கொண்டாள். வருஷா வருஷம் கும்பகோணம் போவாள், காய் நறுக்குவாள், கோலம் போடுவாள், கேட்டால் தலையாட்டுவாள். "கல்கத்தாப் பொண்ணு பரம சாது, வாயே திறக்காது" என்று நல்ல பெயர் கிடைத்தது. இதை அவள் வேலை பார்த்த துறைமுக ஆபீசில் யாராவது கேட்டிருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பார்கள். அங்கே அவள் பிஜயாதி, அதாவது விஜயா அக்கா. எஸ்டேட் பிரிவில் பதினோரு பேரை மேய்க்கிற சூப்பிரண்டென்ட். அவள் வங்காளத்தில் ஆரம்பித்தால் காண்டிராக்டர்கள் கும்பிடு போட்டுவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லிப் போய்விடுவார்கள். ஒரே பெண்பிள்ளை, ஊருக்கு ஊர் வேறு ஆள்.

இப்படி இருபத்தேழு வருஷம் ஓடிய பிறகுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

படம் அடிதடியும் சிரிப்பும் கலந்த தமிழ்ப் படம். மதுரையில் ஒரு முரட்டு இன்ஸ்பெக்டர். எவனைப் பார்த்தாலும் முதலில் கை, பிறகுதான் பேச்சு. ஒரு வெள்ளைக்காரச் சிலைத் திருடனைத் துரத்திக்கொண்டு வெளிநாட்டுக்குப் போய்ச் சேருகிறான். அந்த வெளிநாடு தயாரிப்பாளரின் வசதிக்கு எட்டாமல் போனதால், கல்கத்தாவில் ஆற்றங்கரையிலிருந்த பழைய செங்கல் கிடங்குகள் வெளிநாடாகிவிட்டன. ஒட்டுப்பலகையில் ஒரு சிவப்பு டெலிபோன் கூண்டு செய்து நட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்களில் சிவந்த மேனியாகப் பத்துப் பேரைப் பொறுக்கிக் கோட்டு மாட்டி நடக்கவிட்டார்கள். கிடங்கு துறைமுகத்துச் சொத்து. நாலு நாள் படப்பிடிப்பில் நிபந்தனைகளை மீறாமல் பார்த்துக்கொள்ள ஆபீஸ் விஜயலட்சுமியை அனுப்பியது.

முதல் நாள் அவள் ஆங்கிலத்திலும் வங்காளத்திலுமே பேசினாள். வங்காளி அம்மா என்று நினைத்துக்கொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்து தமிழில் தாராளமாகப் பேசினார்கள். மத்தியானச் சாப்பாட்டைத் திட்டினார்கள், இயக்குநரைத் திட்டினார்கள். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். தன்னைப் பற்றி யாரும் சிரிக்காத தமிழைப் பக்கத்திலிருந்து கேட்பது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இரண்டாம் நாள் அந்தச் சந்தோஷம் போயிற்று. சணல் கட்டுகளுக்குப் பக்கத்தில் லைட்காரர் ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். ஆங்கிலத்தில் சொன்னாள், இந்தியில் சொன்னாள், அவருக்கு எதுவும் ஏறவில்லை. நெருப்புப் பொறி விழுந்தால் கிடங்கே போய்விடும். வேறு வழியில்லாமல், "இங்கே சிகரெட் சாப்பிடாதீங்கோ" என்று சொல்லிவிட்டாள். லைட்காரர் சிகரெட்டை அணைத்துவிட்டு வாய் கொள்ளாத சிரிப்போடு போனார். மேடம் தமிழ்தான், ஆனால் சிகரெட்டைச் சாப்பிடுவார்களாம் என்று அரை மணிக்குள் யூனிட் முழுக்கப் பரவிவிட்டது.

மூன்றாம் நாள் சண்டைக் காட்சி. பாபு என்கிற சண்டைக்காரர் சணல் கட்டுகளின் மேலிருந்து மெத்தையில் விழவேண்டியவர், ஒரு சாண் தள்ளி விழுந்தார். புருவத்தில் ரத்தம். எல்லோரையும் முந்திக்கொண்டு தண்ணீர்ப் பாட்டிலோடு ஓடியது விஜயலட்சுமிதான். பதற்றத்தில் அவள் எந்த மொழியையும் நினைக்கவில்லை. "ஐயோ, நிஜமாவே அடி சாப்பிட்டேளா?" என்று கேட்டாள்.

கேமராக்காரர் சிரித்தார். கதாநாயகன் சிரித்தான். புருவத்தைப் பொத்திக்கொண்டு பாபுவும் சிரித்து, வயிறு ரொம்பச் சாப்பிட்டேன் மேடம் என்றார். விஜயலட்சுமிக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டு வயதில், பதினோரு பேருக்குச் சூப்பிரண்டென்டாக இருந்துகொண்டு, பொது இடத்தில் அழுகை முட்டியது. நாளைக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

சிரிக்காத ஆள் ஒருவர் இருந்தார். படத்துக்கு வசனம் எழுதுகிற பட்டாபிராமன். ரப்பர் செருப்பும் கசங்கிய சட்டையுமாக வந்து நின்று, இப்போது என்ன சொன்னீர்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். ஒரு தடவை சிரித்தது போதவில்லையா என்று அவள் ஆங்கிலத்தில் சீறினாள். அவர் நகரவில்லை. பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

கஷ்டம் இதுதான். கதையில் வருகிற அந்த வெளிநாட்டில், ஒரு ஆளின் சம்மதம் இல்லாமல் போலீஸ்காரன் அவன்மேல் விரலைக்கூட வைக்கக்கூடாது. மதுரைக்காரனுக்கோ கை அரிக்கிறது. திருடன் எதிரே உட்கார்ந்து காலாட்டுகிறான். சட்டம் கெடாமல் அவனை எப்படி அடிப்பது? பத்து நாளாகப் பட்டாபிராமனுக்குத் தூக்கமில்லை. அந்தத் திருடனுக்குத் தமிழில் ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். அந்த ஊர்த் தமிழ்க் கடையில் இட்லி தின்று கற்றுக்கொண்ட வார்த்தை, சாப்பிடு.

"இன்ஸ்பெக்டர் மரியாதையா குனிஞ்சு, அடி சாப்பிடுறீங்களான்னு கேக்கறான். அவன் சரின்னு தலையாட்டுறான். சம்மதம் வந்தாச்சு, சட்டமும் கெடலை. மேடம், இதை ரூம் போட்டு உக்காந்து யோசிச்சாலும் எனக்கு வராது. நீங்க குடுத்தா எடுத்துக்கறேன்" என்றார்.

விஜயலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தேழு வருஷமாக அவளிடமிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள். கேட்டு நிற்கிற முதல் ஆள் இவர். குடையை மடக்கினாள். ஒரு நிபந்தனை உண்டு என்றாள். படத்தில் பெயர் போடுவதைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று அவர் நினைத்தார்.

"அவன் அதைச் சொல்றச்சே படத்துக்குள்ளே யாரும் சிரிக்கப்படாது. இது என்ன தமிழ்னு ஒருத்தரும் கேக்கப்படாது. தியேட்டர்லே சிரிக்கட்டும், அது வேறே."

பட்டாபிராமன் மரப்பெட்டியிலிருந்து எழுந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சரி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் சினிமாவில் வசனம் எழுதுகிறவன் வாக்கு நீர்மேல் எழுத்து. அவன் ஒன்று எழுதுவான், இயக்குநர் ஒன்று சொல்வார், நடிகன் வாய்க்கு வந்ததைப் பேசுவான். அதுவும் அந்தக் காட்சி கல்கத்தாவில் எடுக்கப்போவதில்லை, சென்னையில் போலீஸ் ஸ்டேஷன் செட் போட்டு எடுப்பார்களாம். நாலாம் நாள் சாயங்காலம் டெலிபோன் கூண்டைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

லேக் கார்டன்ஸ் வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் சுந்தரராஜன் அடுத்த கல்யாணத்துக்குச் சரக்கு சேர்ந்தது என்று சந்தோஷப்படுவார். எட்டு மாசம் தனியாகவே பயந்தாள். இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கோமாளிக் கான்ஸ்டபிள் நிற்பான், எல்லாப் படத்திலும் நிற்பான். அவன் வாயைச் சுளித்து, என்ன சார் இது, தமிழா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். கும்பகோணத்துக் கூடத்தில் இருபது பேர் சிரித்தது ஊர் ஊராகத் திரை கட்டிச் சிரிப்பதாக ஆகிவிடும். ஏன் கொடுத்தோம், சும்மா இருந்திருக்கலாமே என்று காய் நறுக்கும்போதும் மெட்ரோவில் நிற்கும்போதும் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

படம் வெளிவந்த வாரம் வத்சலாவும் அவள் கணவர் சிவராமும் காசிக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் கல்கத்தாவில் இறங்கினார்கள். வத்சலாவுக்கு இப்போது நாற்பத்தேழு வயது, சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. ஒரு மாலில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி ஒன்று மட்டும் அந்தத் தமிழ்ப் படம் போடுகிறார்கள் என்று அவள்தான் போனில் கண்டுபிடித்தாள். ஊரிலிருந்து அவள் பெண் சொன்னாளாம், படத்தில் ஒரு வசனம் இருக்கிறதாம், கும்பகோணமே அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறதாம். என்ன வசனம் என்று சிவராம் கேட்டதற்கு, சொன்னால் ருசி போய்விடும் என்று மறுத்துவிட்டாள்.

விஜயலட்சுமி சாக்குத் தேடினாள். தலைவலி என்றாள். மாத்திரை கொடுத்தார்கள். உளுந்து ஊறுகிறது என்றாள். ஊறட்டும் என்றார் சுந்தரராஜன், நாலு டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

இடைவேளை வரைக்கும் அவளுக்குப் படத்தில் எதுவும் பதியவில்லை. தன் கிடங்கு வந்தபோதுகூட, சணல் கட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்றுதான் பார்த்தாள். இடைவேளைக்கப்புறம் அந்தப் போலீஸ் ஸ்டேஷன் வந்தது. நடுவில் நாற்காலியில் கோட்டுப் போட்ட திருடன். சுற்றிலும் வெளிநாட்டு அதிகாரிகள், மேஜைமேல் தடியாய் ஒரு சட்டப் புத்தகம். இன்ஸ்பெக்டருக்குப் பின்னால், அவள் பயந்தபடியே, கோமாளிக் கான்ஸ்டபிள்.

இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து, கல்யாணப் பந்தியில் விசாரிக்கிற குரலில் கேட்டான். "அடி சாப்பிடுறீங்களா?"

திருடன் முகம் மலர்ந்தது. கழுத்தில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு தலையாட்டினான். கேமரா கான்ஸ்டபிளின் முகத்துக்குத் திரும்பியது. அவன் வாயைத் திறந்தான். விஜயலட்சுமி நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ரெண்டாப் போடுங்க சார். பாவம், பசியோட இருக்கான்" என்றான் கான்ஸ்டபிள், பரிதாபமாக.

படத்துக்குள் ஒருவரும் சிரிக்கவில்லை. வெளிநாட்டு அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சம்மதம் பெறப்பட்டது என்று நோட்டில் எழுதினார். அப்புறம் விழுந்த அடியில் தியேட்டரே அதிர்ந்தது. அடி முடிந்ததும் இன்ஸ்பெக்டர், "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டான். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வத்சலா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். விஜயலட்சுமிக்கும் கண்ணில் நீர் வந்தது, ஆனால் அது சிரிப்பால் வந்ததில்லை. அந்த ரப்பர் செருப்பு மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

சுந்தரராஜனும் சத்தமாகத்தான் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. கழுத்தைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"விஜி, கிடங்குலே ஷூட்டிங்னு நாலு நாள் போனியே. இது நீ சொன்னதா?"

"ஆமாம்" என்றாள். அதற்குமேல் அவர் படம் முடிகிற வரைக்கும் சிரிக்கவில்லை.

லேக் மார்க்கெட்டில் டிபன் சாப்பிட உட்கார்ந்தார்கள். தோசை வருவதற்குள் வத்சலா அந்தக் காட்சியை இரண்டு தடவை நடித்துக் காட்டிவிட்டாள். இப்படி எழுத எவ்வளவு மூளை வேண்டும், யார் எழுதினானோ என்று வியந்தாள். சிவராம் போனில் தேடிப் பட்டாபிராமன் என்று பெயரைப் படித்தார்.

"அவன் எழுதலை. அது எங்காத்துப் பேச்சு" என்றார் சுந்தரராஜன்.

வத்சலாவுக்குப் புரியவில்லை. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தங்கையைப் பார்த்துச் சொல்லவேண்டியதை மேஜையைப் பார்த்துச் சொன்னார். அந்த வார்த்தையைச் சொன்னது விஜி. கிடங்கில் அவள் பேசியதைக் கேட்டு ஒருவன் மரியாதையாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். "நான் என்ன பண்ணினேன்? கூட இருந்துண்டே, கல்யாணத்துக்குக் கல்யாணம் இவ பேசறதைச் சொல்லிச் சிரிச்சிண்டிருந்தேன். இவ வாயை மூடினது நான்தான்."

வத்சலா அண்ணாவைப் பார்த்தாள், மன்னியைப் பார்த்தாள். பழையதெல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் மாறியது. சமாளித்துக்கொண்டு, மன்னிதான் எங்களிடம் பேசவே மாட்டாளே, சுபாவமே அப்படி என்றுதானே நினைத்தோம் என்றாள்.

"பேசினேன். நீங்கள்ளாம் சிரிச்சேள். எனக்கு வலிச்சுது, வத்சலா" என்றாள் விஜயலட்சுமி. குரலை உயர்த்தவில்லை. இருபத்தெட்டு வருஷம் உள்ளே வைத்திருந்தது, வெளியே வந்தபோது இவ்வளவுதான் இருந்தது.

தோசை வந்தது. யாரும் கை வைக்கவில்லை. சிவராம் தனக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்போலச் சட்டினிக் கிண்ணங்களை நேராக அடுக்கினார். கடைசியில் வத்சலா நாற்காலியை மன்னி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கிடங்கில் என்னதான் நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டாள்.

விஜயலட்சுமி கணவரைத் திரும்பிப் பார்க்காமல் ஆரம்பித்தாள். துறைமுகத்துக் கடிதம், டெலிபோன் கூண்டு, கோட்டுப் போட்ட மூட்டைக்காரர்கள், பாபுவின் புருவம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தமிழ் பவானிபூர் வழியாகத்தான் வந்தது, அவள் அதை நேராக்கப் பார்க்கவில்லை. கும்பகோணத்துப் பரம சாது முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினாள். வத்சலா ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. இரண்டு இடத்தில் மட்டும், "அதுக்கு என்ன அர்த்தம், மன்னி?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.